கண்ணாடிக்குக் கைவைத்தியம்

"உருளைக்கிழங்கை ரெண்டா வெட்டி, கார் கண்ணாடியில உள்பக்கமா ஒரு தேய் தேய்ச்சு விடு பெரியவளே. அப்புறம் எப்படி மங்குதுன்னு பாக்கறேன்."

"ஏசியைக் கொஞ்ச நேரம் போட்டாலே போதும் அத்தை. தானா விலகிடும்."

"ஏசி போட்டா உங்க மாமாவுக்கு முட்டி பிடிச்சுக்கும்."

"ரோடு தெரியலன்னா வண்டியில இருக்கற எல்லாருக்கும் எல்லாமே பிடிச்சுக்கும் அத்தை."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு பதில். உருளைக்கிழங்கு எதிர்த்துப் பேசுதா? தேய்ச்ச இடத்துல பேசாம இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் மாமியாரோடு நடந்த இந்தப் பேச்சு, செவ்வாய்க்கிழமை காலை வண்டிக் கதவைத் திறந்ததும் பெரியவளுக்கு நினைவுக்கு வந்தது. வரக் காரணம் இருந்தது. முன்கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க, யாரோ சுண்ணாம்பு அடிக்கப் பழகியதுபோல வட்ட வட்டமாக வெள்ளைத் தீற்றல்கள்.

வெளியே மழை. விட்டு விட்டுப் பெய்தாலாவது கொஞ்சம் மூச்சு விடலாம். இது விடாத மழை. ஊரே ஈரத் துணி போல நமுத்துக் கிடந்தது.

பெரியவள் என்பது அவள் பெயரில்லை. மூத்த மருமகளாக வந்த அன்றே அவள் பெயர் பெட்டியோடு பரணுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வெளியே அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்று படுத்துவிட்டவர்களை வீடு வீடாகப் போய் எழுப்பி நிறுத்துகிறவள். ஊரோ மேடும் பள்ளமும். பஸ் ஏறாத தெருக்களில்தான் அவளுடைய நோயாளிகளில் பாதிப்பேர் இருந்தார்கள். வண்டி இல்லையென்றால் வேலை இல்லை.

வண்டி மாமனார் பேரில் இருந்தது. போன வாரம்தான் கொழுந்தன், பார்த்த வேலையை உதறிவிட்டு வந்து, "நம்ம காரை வாடகைக்கு ஓட்டலாம்னு இருக்கேம்பா" என்று ஆரம்பித்ததும், மாமனார் "பாக்கலாம்" என்று சொல்லி மீசையைத் தடவினார். அந்தப் 'பாக்கலாம்' எப்போது 'சரி' ஆகுமோ என்று பெரியவள் அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யாரு கண்ணாடியில கை வெச்சது?"

"நான்தான் நேத்து சாயங்காலம் உருளைக்கிழங்கு தேய்ச்சேன். நீ எங்க தேய்க்கப்போறே?" மாமியாரின் குரல் உள்ளேயிருந்து பெருமையோடு வந்தது.

வாயில் பிரஷ்ஷோடு கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "அம்மா தேய்ச்சது திட்டுத்திட்டா இருந்துச்சு அண்ணி. அதான் ராத்திரி அது மேல ஷேவிங் நுரை போட்டேன். போன்ல பாத்தேன், லட்சம் பேரு லைக் போட்டிருக்கான்."

"போட்டுட்டுத் துடைச்சீங்களா தம்பி?"

"துடைக்கணுமா?" அவன் பிரஷ்ஷை வெளியே எடுத்தான். "அந்த வீடியோ நீளமா இருந்துச்சு அண்ணி. முழுசாப் பாக்கல."

கண்ணாடிக்குக் கீழே முன்பலகையின் மேல் இன்னொரு அதிசயம் உட்கார்ந்திருந்தது. பழைய சாக்ஸ் ஒன்றில் கல்லுப்பை நிரப்பி, வாயைக் கட்டி, குட்டித் தலையணைபோல வைத்திருந்தார்கள். ஈரத்தை உறிஞ்சுமாம். உறிஞ்சி உறிஞ்சி அது அழ ஆரம்பித்திருந்தது. உப்புத் தண்ணீர் பலகையில் வழிந்து நின்றது.

"அதை எடுக்காதே. நான் வெச்சது" என்றபடி மாமனார் குடையை மடக்கி முன்சீட்டில் ஏறினார்.

ஆக, மூன்று பேர், மூன்று வைத்தியம். ஒருவர் வைத்தியம் பலிக்கவில்லை என்று அடுத்தவர் அதன் மேலேயே தன் வைத்தியத்தைப் போட்டிருக்கிறார். தினமும் அந்தக் கண்ணாடி வழியே பார்த்து ஓட்டுகிறவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கணவர் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் பல் செட் செய்பவர். ஊரில் பாதிப்பேர் அவர் செய்து கொடுத்த பல்லால்தான் பேசுகிறார்கள். அவர் மட்டும் தன் சொந்தப் பல்லை வைத்துக்கொண்டு, அப்பா இருக்கும் இடத்தில் வாய் திறப்பதில்லை.

பெரியவள் துணியை எடுத்துத் துடைத்தாள். உருளைக்கிழங்குப் பாலும் நுரையும் ஒன்றாகக் காய்ந்து பசையாகியிருந்தன. துடைக்கத் துடைக்கப் பசை இடம் மாறியதே தவிர, போகவில்லை.

"தண்ணி கொண்டுவந்து கழுவிடறேன் மாமா. கொஞ்சம் பொறுங்க."

"கழுவி, காய்ஞ்சு, நாம எப்பப் போறது? டாக்டர் கிளம்பிடுவார். ஓட்டு. பழகின ரோடுதானே."

மாமனாருக்கு முட்டியில் ஊசி போடும் நாள் அது. வீட்டிலேயே முட்டி வைத்தியம் தெரிந்த மருமகள் இருக்கிறாள். 'தினமும் இந்த மூணு பயிற்சி செய்ங்க மாமா' என்று அவள் சொன்னதற்கு, 'நீ படிச்சது ஊராருக்கு. எனக்கு வேண்டாம்' என்று பதில் வந்தது. ஏசிதான் தன் முட்டியைக் கெடுத்தது என்பது அவருடைய முடிவு. அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிறகு முட்டியே வந்து மறுத்தாலும் ஏற்கமாட்டார்.

"ஏசி போடறேன் மாமா. இல்லாட்டி கண்ணாடி தெரியாது."

"போடு, போடு. என் காலு போனா உனக்கென்ன."

போட்டாள். குளிர்ந்த காற்று கண்ணாடியில் பட்டதும், பசை இல்லாத இடங்களிலாவது பார்வை திறந்தது. தெரு முனை வந்தது. கடைகள் வந்தன. அந்தக் கொஞ்ச இடைவெளி வழியாக, தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டினாள்.

மருத்துவமனைக்கு இறங்கும் சரிவு ஆரம்பித்தபோது மாமனாரின் கை நீண்டது. டக். காற்று நின்றது.

"மாமா!"

"போதும். முட்டி குத்துது. இறக்கம்தானே, தானா போகும்."

மூன்று பேரின் மூச்சும் ஈரக் குடையின் ஆவியும் சேர்ந்து கண்ணாடியை அடியிலிருந்து மூடிக்கொண்டு வந்தன. ஏற்கெனவே பூசியிருந்த பசை அந்த ஈரத்தைக் கண்டதும் பாலாகக் கரைந்தது. எதிரே உலகம் இல்லை. வெள்ளைதான் இருந்தது.

அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். முகத்தில் மழை அறைந்தது. கால் பிரேக்கை விட்டு நகரவேயில்லை. வண்டி ஊர்ந்தது.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குடை முளைத்தது.

குடைக்குக் கீழே ஒரு பெண், கையில் பை, நடுத்தெருவில். யோசிக்க நேரமில்லை. பெரியவளின் கைகள் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தன. வண்டியின் முன்மூலை ஓரத்துச் சுவரில் ஒரு உரசு உரசி, இடித்து நின்றது. முன்விளக்கு உடைந்து கொட்டிய சத்தம் மழையிலும் கேட்டது.

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜன்னலருகே வந்து, "நல்ல வேளைங்க, திருப்பிட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டாள்.

பெரியவள் இன்ஜினை அணைத்தாள்.

மாமனார் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுக்க, அடிபட்ட வண்டிகளைச் சுற்றி வந்து யார் மேல் தப்பு என்று தீர்மானிப்பதுதான் அவருடைய தொழில். ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை. இப்போது மடக்கிய குடையாலேயே சுவருக்கும் சக்கரத்துக்கும் இடையே அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். முட்டி வலி எங்கேயோ போயிருந்தது.

திரும்பி வந்தார். ஜன்னல் வழியாகக் கையை நுழைத்துச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சின்னவனுக்கு போன் போடு. அவன் வந்து வண்டிய எடுத்துட்டுப் போகட்டும்" என்று மகனைப் பார்த்துச் சொன்னார்.

கணவர் போனை எடுத்தார். பெரியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உடைந்த விளக்குச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யார் காலிலாவது குத்திடும்" என்று முணுமுணுத்தபடி குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

'உனக்கு அடி ஒண்ணும் படலியே?' என்று கேட்கக்கூடவா ஒரு மனிதனுக்குத் தோன்றாது?

அவள் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒருவரிடமும் சொல்லாமல் மேட்டுத் தெருவைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

*

மேட்டுத் தெருவின் உச்சி வீட்டில் பாட்டு டீச்சர் காத்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்தபோது, இனி நாற்காலிதான் என்று எல்லோரும் முடிவு கட்டிய பெண்மணி. போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன, நீச்சலடிச்சு வந்தியா?" வாய் இன்னும் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. ஆனாலும் கேலிக்குக் குறைவில்லை.

"வண்டி மக்கர் டீச்சர்."

"வண்டியா, வண்டிக்காரங்களா?"

பெரியவள் அவர் காலை மடக்கி நீட்டினாள். அவள் கைகள் இன்னும் சில்லென்றுதான் இருந்தன. டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்தார். நின்றார். ஒரு கையை எடுத்தார். அடுத்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு மூச்சு விடும் நேரம், எதையும் பிடிக்காமல், தன் சொந்தக் காலில் நின்றார்.

"பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர்."

"நாளைக்கு ஒரு அடி எடுத்து வெக்கறேன். வந்துடு. நீ வராட்டி நான் உக்காந்துடுவேன், ஆமா."

வரவேண்டும். வருவதற்குத்தான் சாவி வேண்டும்.

மத்தியானம், மூன்றாவது நோயாளி வீட்டுக்கு நனைந்துகொண்டே நடந்தபோது போன் அடித்தது. கணவர்தான். பின்னணியில் பல் அரைக்கும் மெஷினின் கீச்சொலி.

"இங்க பாரு, அடி ஒண்ணும் படலியே?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"அப்பா இருந்தார்ல." அவர் குரலைத் தாழ்த்தினார், இத்தனை தூரத்தில் அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பாதான் ஏசியை அணைச்சார். நீ என்ன பண்ணுவே? உன் மேல ஒரு தப்பும் இல்ல."

பெரியவள் ஒரு கடையின் முன்கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றாள்.

எப்போதும் இதுதான். கல்யாணமானதிலிருந்து இதேதான். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அவர் சிங்கம். 'நீ சொல்றதுதான் நியாயம். அம்மா அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அப்பாவுக்குப் பிடிவாதம்.' கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தால் பொம்மை. அவருடைய நியாயம் எல்லாம் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள்ளேயே பிறந்து அங்கேயே செத்துப்போகும்.

அவரிடம் கேட்கவேண்டிய ஒன்று அவள் தொண்டையில் அன்றைக்கும் ஏறி வந்தது. எத்தனையோ தரம் ஏறி வந்ததுதான். கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? அதன் பிறகு அந்த அறைக்குள் எதை நம்பிப் போவது? அந்தப் பயத்திலேயே ஒவ்வொரு தரமும் முழுங்கிவிடுவாள்.

இப்போதும் முழுங்கினாள்.

"சரி, வெச்சிடறேன். நோயாளி காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள்.

*

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோதே மாமனாரின் நாற்காலி சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் போடப்பட்டிருந்தது. நாற்காலி அந்தப் பக்கம் போனால் விசாரணை என்று அர்த்தம். சாவி மேசை நடுவில் கிடந்தது.

மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். கணவர் கையில் காபி டம்ளரோடு மேசை ஓரத்தில்.

"உக்காரு" என்றார் மாமனார்.

"நனைஞ்சிருக்கேன் மாமா. நிக்கறேன்."

"என்ன வேகத்துல வந்தே?"

"நடந்து போறவங்க என்னை முந்திக்கிட்டுப் போனாங்க. அந்த வேகம்."

"பாதை தெரியலன்னா நிறுத்தணும். அது ஓட்டுறவங்க பொறுப்பு. ஏன் நிறுத்தல?"

"கிளம்பறப்பவே கழுவிடறேன்னு சொன்னேன். டாக்டர் போயிடுவார், ஓட்டுன்னீங்க."

"சுவர் எங்க இருந்துச்சு?"

"எப்பவும் இருக்கற இடத்துலதான் மாமா இருந்துச்சு."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் பார்வை பட்டதும் இருமலாக மாற்றினான்.

"நக்கல் வேண்டாம். நான் பாக்காத விபத்தா? ஆயிரம் வண்டி பாத்திருக்கேன். கண்ணாடி மேல பழி, மழை மேல பழி, ரோடு மேல பழி. கடைசியில தப்பு ஸ்டியரிங் பிடிச்ச கையிலதான் இருக்கும்."

"என் உருளைக்கிழங்கு மேல ஒரு குத்தமும் இல்ல, சொல்லிட்டேன்" என்றார் மாமியார், யாரும் கேட்காமலேயே.

"அந்தக் கைதான் மாமா ஒரு பொண்ணு மேல ஏத்தாம சுவர்ல ஏத்துச்சு. அவங்க நன்றி சொல்லிட்டுப் போனது உங்க காதுல விழலியா?"

மாமனார் அதைக் கேட்காததுபோலச் சாவியை விரலால் நகர்த்தினார். மேசையின் மேல் அது மெல்ல இழுபட்டுக் கொழுந்தன் பக்கம் போனது.

"நாளையிலேர்ந்து வண்டிய சின்னவன் ஓட்டட்டும். நீ போற வீட்டுக்கெல்லாம் அவன் கொண்டு விடுவான். நேரம் இருந்தா."

நேரம் இருந்தால்! டீச்சரின் ஒரு அடி, கொழுந்தனுக்கு நேரம் இருந்தால்.

கொழுந்தன் பெருந்தன்மையோடு சாவியை எடுத்தான். கெட்டவன் இல்லை அவன். யோசிக்காதவன், அவ்வளவுதான். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"நீங்க கவலைப்படாதீங்க அண்ணி. கண்ணாடியெல்லாம் ஒரு விஷயமே இல்ல. காலையில வண்டிய எடுத்துட்டு வந்தேன்ல? ஈரத் துணியால நல்லா துடைச்சுட்டு, ஏசியைத் தட்டினேன். கொஞ்ச நேரத்துல பளிச்சுனு ஆயிடுச்சு. உங்களுக்கு இது தெரியாதா?"

மாமனார் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்.

பெரியவள் மெதுவாகத் திரும்பினாள். "ஏசி போட்டீங்களா தம்பி?"

"ஆமா."

"மாமா வண்டியில இருந்தாரா?"

"முன்சீட்லதான். ஏன் அண்ணி?"

"வீடு வர்ற வரைக்கும் போட்டிருந்தீங்களா?"

அப்போதுதான் ஏதோ தடுக்கியதுபோலக் கொழுந்தன் அப்பாவைப் பார்த்தான்.

இத்தனை நாள் கெஞ்சியது அவள். மழைக்காலம் முழுக்க ஒரு கையால் ஸ்டியரிங்கையும் ஒரு கையால் துணியையும் பிடித்துக்கொண்டு ஓட்டியது அவள். உருளைக்கிழங்கையும் உப்புச் சாக்ஸையும் சகித்தது அவள்.

"உங்க முட்டி அப்ப வலிக்கலியா மாமா?"

"அவன் கேட்டுட்டுப் போட்டான்."

"நானும் கேட்டுட்டுத்தான் போட்டேன். பாதி வழியில நீங்க அணைச்சீங்க. இறக்கம் ஆரம்பிச்சதும், உங்க கையால அணைச்சீங்க."

"நானா?" மாமனார் நிமிர்ந்தார். "நான் எதுக்கு அணைக்கப் போறேன்? நீ போட்டிருக்கவே மாட்டே. பதட்டத்துல உனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"பெரியவங்கள எதிர்த்து இப்படியா கேள்வி கேப்பாங்க?" என்று மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அணைச்சது யாருன்னு எனக்குத் தெரியும் அத்தை."

"தெரிஞ்சா?" மாமனாரின் குரல், பல வருஷம் பலரை மடக்கிய அந்தப் பழைய தொழில் குரல். "எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. சாட்சி இருக்கா? இருந்தா சொல்லச் சொல்லு."

சாட்சி மேசை ஓரத்தில் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. கணவர் அந்த ஆடையை விரல் நுனியால் ஓரம் தள்ளினார். மறுபடி தள்ளினார். அவர் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்திருந்தது. உதடு அசைந்தது. மூடிக்கொண்டது.

"என்னடா?" என்றார் மாமனார். "நீ பின்னால இருந்தியே. ஏதாவது பாத்தியா?"

"அது வந்துப்பா... மழை... சரியா..."

அவர் கண்கள் ஒரு நொடி மனைவியைத் தொட்டன. அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். 'இப்ப விடு, ரூமுக்குப் போய்ப் பேசிக்கலாம்' என்கிற பார்வை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் தலையைத் தடவி, 'உன் பக்கம்தான் நியாயம்' என்பார். விடிந்ததும் வண்டி கொழுந்தனோடு போய்விடும். மேட்டுத் தெரு உச்சியில் ஒரு பெண்மணி வாசலைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

பெரியவளின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. மேசையைச் சுற்றி நடந்து போய், மாமனாருக்கும் கணவருக்கும் நடுவில் நின்றாள். மாமனாரைப் பார்க்கவில்லை.

"என்னங்க."

கணவர் நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன். நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா என்ன செய்யறதுன்னு பயந்து பயந்து முழுங்கிட்டேன். இனிமே முழுங்க முடியல."

"ரூமுக்குப் போலாம் வா" என்றார் அவர், கெஞ்சும் குரலில்.

"வேண்டாம். ரூம்ல நீங்க சொன்ன ஞாயம் எனக்குப் போதும்ங்க. வயிறு நெறஞ்சு போச்சு." அவள் குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "எனக்காகப் பேசுங்க. இங்க, இவங்க எல்லாரும் இருக்கறப்ப, உங்க அப்பா முகத்தைப் பாத்து, ஒரே ஒரு தடவை எனக்காகப் பேசுங்க."